திருவெளிப்பாட்டின் உருவகங்கள் – ஒரு தமிழ் நோக்கு

முடிவுக் காலத்தைப் பற்றிச் சிந்தியாத சமயம் உலகில் இல்லை. மறுமையையும் நியாயத் தீர்ப்பு நாளையும் நம்புவது இஸ்லாமிய ஈமானின் உறுப்பு. ஆயிரம் வினாக்களும் விடைகளுமாக அமைந்த ‘ஆயிர மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. இன்று நமக்குக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்திய அந்நூலிலும் இறுதி நாள் பற்றிய வினாக்கள் உண்டு. கிறித்தவ வேதத்திலோ இப்பொருளுக்கெனவே ஒரு தனி நூல் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. சீர்திருத்தச் சபையார் அதனை ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்பர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதன் பெயர் ‘திருவெளிப்பாடு’. 22 அதிகாரங்களைக் கொண்ட இச்சிறு நூலைப்போல் தவறாகப் படிக்கப்பட்ட நூல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

ஒரு முஸ்லிம் கல்லூரியின் தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் ஒரே பாடத்திட்டத்தில் நடத்துகின்ற துறை நம்முடையது என்பது ஒரு விடை. மற்றொரு விடை என் ஊர் தந்தது. திருத்துறைப்பூண்டியில் பிறவி மருந்தீசர் கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே காற்றில் வருவன. ஒரு திசையில் பேருந்து ஏறினால் முத்துப்பேட்டை ஜாம்புவானோடை தர்கா; மறு திசையில் ஏறினால் வேளாங்கண்ணி, அதற்கப்பால் நாகூர். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நிவாரணப் பொருள்களுக்கு வரிசையில் நின்ற மக்களிடம் எவரோ துண்டறிக்கை ஒன்றை வழங்கினர். ஏழு தலைப் பாம்பின் படமும், 666 என்ற எண்ணும், ‘முடிவு வந்துவிட்டது, மனந்திரும்பாதோர்க்கு இது தண்டனை’ என்ற கருத்தும் அதில் இருந்தன. கல்லூரி திறந்ததும் மாணவர் ஒருவர் அதனை என்னிடம் நீட்டி, “ஐயா, தென்னையை இழந்த எங்கள் அப்பா என்ன பாவம் செய்தார்?” என்று கேட்டார். அவர்க்கு அன்று நான் முழுமையாக விடை கூறவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடிய முயற்சியாகும்.

நூல் தன்னைத் தானே விளக்கும் இடங்கள்

முதல் நூற்றாண்டின் இறுதியில், உரோமைப் பேரரசன் தொமீத்தியன் காலத்தில், பத்மு தீவில் இருந்த யோவான் என்பார் இந்நூலை எழுதினார் என்பது பெரும்பாலோர் கருத்து. நீரோ காலத்தை ஒட்டியது என்பாரும் உளர். இன்றைய துருக்கி நாட்டின் மேலைப்பகுதியில் இருந்த எபேசு, சிமிர்னா, பெர்கமு முதலிய ஏழு நகரத்துச் சபைகளுக்கு அது முடங்கலாக விடுக்கப்பட்டது. ‘அப்போகலிப்சிசு’ என்னும் கிரேக்கப் பெயருக்குத் திரை விலக்குதல் என்பது பொருள். அழிவு என்ற பொருள் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழ்ப் பெயர் மூலத்தின் பொருளை நன்கு காத்துள்ளது என்பதில் நாம் மகிழலாம்.

இந்நூலில் குறியீடுகள் மண்டிக்கிடந்தாலும் சிலவற்றின் திறவுகோலை ஆசிரியரே தந்துள்ளார். ஏழு விளக்குத்தண்டுகள் ஏழு சபைகள் என முதல் அதிகாரத்திலேயே கூறிவிடுகிறார். வலுசர்ப்பம் சாத்தான் என்கிறது பன்னிரண்டாம் அதிகாரம். பதினேழாம் அதிகாரத்தில் விலங்கின் ஏழு தலைகளும் ஏழு மலைகள் எனப்படுகின்றன. ஏழு குன்றுகளின்மேல் அமைந்த நகரம் எதுவென்று அக்காலத்துச் சிறுவனும் அறிவான், அது உரோமை. ஆண்டு கொண்டிருந்த பேரரசைப் பெயர் சொல்லித் தாக்க இயலாத மக்கள், எருசலேமை முன்னொரு நாள் அழித்த பாபிலோனின் பெயரை அதற்கு இட்டனர்.

ஆசிரியரே விளக்காத இடங்களுக்குத் திறவுகோல் பழைய ஏற்பாட்டில் உள்ளது. பதின்மூன்றாம் அதிகாரத்தில் கடலிலிருந்து ஏறிவரும் விலங்கு சிறுத்தையுடலும் கரடிக்காலும் சிங்கவாயும் உடையது. தானியேல் நூலின் ஏழாம் அதிகாரத்தில் சிங்கம், கரடி, சிறுத்தை ஆகியன தனித்தனி அரசுகளாக வருகின்றன. முன்பு வந்த கொடுமைகள் யாவும் ஓருருவாய்த் திரண்டது இப்புதிய அரசு என்பது கருத்து. இதனை ஓர் உயிரினமாக வரைந்து அச்சுறுத்துவோர் தானியேலைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமம் கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு பிறப்பது. மருதப் பாட்டில் தாமரையை மேயும் எருமை வந்தால் அது பரத்தையை நாடும் தலைவனைக் குறிக்கும் என உணர, மருதத்தின் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். எருமையை எருமையாகவே கொண்டவன் பாட்டைப் படித்தவனல்லன். எருமைக்குத் தன் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரைச் சூட்டுபவனும் படித்தவனல்லன். குறியீட்டின் பொருள் அது பிறந்த நிலத்தில் இருக்கிறது.

கேட்டதும் கண்டதும்

ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. முத்திரையிட்ட சுருளைத் திறக்க வல்லவர் யார் எனத் தேடும்போது, யூதா குலத்துச் சிங்கம் வென்றுவிட்டது என்று யோவான் கேட்கிறார். திரும்பிப் பார்க்கும்போது அவர் காண்பது சிங்கத்தையன்று, கொல்லப்பட்ட கோலத்தில் நிற்கும் ஆட்டுக்குட்டியை! செவி கேட்டது வலிமை. கண் கண்டது காயம். ஏழாம் அதிகாரத்திலும் இவ்வாறே. முத்திரை இடப்பட்டோர் 1,44,000 என்று கேட்கிறார். காண்பதோ எண்ணற்கரிய, எல்லா மொழியினரும் சேர்ந்த கூட்டம். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கிய முழுமை எண் அது. அதனை இருக்கைகளின் கணக்காகக் கொண்டு, விண்ணகத்தில் இடம் தீர்ந்துவிடுமோ என அஞ்சுவோரும் உளர்.

புண்பட்ட ஒன்று வெற்றி பெற்றதாக நிற்பது புறநானூற்றுக் குடிகளுக்கு விளங்காத செய்தியன்று. நம்மிடம் ‘விழுப்புண்’ என்ற சொல்லே இருக்கிறது. ஆனால் விழுப்புண் பட்ட மறவன் பிறரைக் கொன்றும் வந்திருப்பான். இந்த ஆட்டுக்குட்டி கொன்றதில்லை. இவ்வேறுபாட்டை மறந்து ஒப்பிடுதல் கூடாது.

படிக்கணக்கு

இந்நூலில் என்னை மிகவும் ஈர்ப்பது ஆறாம் அதிகாரத்துக் கருங்குதிரையே. குதிரைமேல் இருப்பவன் கையில் தராசு இருக்கிறது. ஒரு குரல் விலை கூறுகிறது: ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, அதே பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை, எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் சேதம் வரலாகாது. மூலத்திலுள்ள ‘தெனாரி’ ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்டக் கதையிலும் அதுவே கூலி. ‘கொய்னிக்சு’ என்பது ஒருவன் ஒரு நாள் உண்ணும் அளவு. ஆகவே நாள் முழுதும் உழைத்தவன் தன் ஒரு வயிற்றுக்கு மட்டும் கோதுமை வாங்கலாம். மனைவி மக்களுக்கும் வேண்டுமாயின் வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். செல்வர் மேசைக்குரிய எண்ணெயும் மதுவும் மட்டும் காக்கப்படுகின்றன. தொமீத்தியன் மாகாணங்களில் திராட்சைக் கொடிகளுள் பாதியை வெட்ட ஆணையிட்டான் என்றொரு செய்தி உண்டு. இவ்வடிக்குப் பின்னால் அதனைக் காண்பாரும் உளர்.

பஞ்சத்தின் உருவகம் என்று ஒரே சொல்லில் இதனைக் கடந்துவிடுகின்றனர். பஞ்சம் என்றால் எல்லார்க்கும் இல்லாமை. இங்கே காட்டப்படுவது அதுவன்று; சிலர்க்குக் குறையாமல் பலர்க்குக் குறைகின்ற அளவை. பழைய மொழிபெயர்ப்பாளர் ‘கொய்னிக்சு’ என்பதைப் ‘படி’ என்றார். ‘தெனாரி’யைப் ‘பணம்’ என்றார். இச்சொற்களின் கனத்தைத் தஞ்சைத் தரணியில் விளக்க வேண்டியதில்லை. படியும் மரக்காலும் கலமுமே இங்குக் கூலியின் மொழியாக இருந்தன. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதன் பின்னரும் களத்துமேட்டில் அரைப்படி நெல்லுக்காகப் போராட்டம் நடந்தது. அப்போராட்டக் காலத்தில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றுக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கிறித்தவ உலகம் திருநாள் கொண்டாடிய இரவு அது. அடுத்த ஆண்டு, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. தராசு ஏந்திய கருங்குதிரைக்காரன் எக்காலத்தில் வருவான் என்று துண்டறிக்கைகள் கணக்கிடுகின்றன. அவன் வெண்ணாற்றுப் படுகைக்கு வந்து போனதை அவை அறியா.

எண்ணும் எழுத்தும்

இனி, 666. நம் மாணவர் பலர்க்கு இதனைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு வீட்டிலேயே உண்டு. கடிதத் தலைப்பிலும் கடைப் பலகையிலும் 786 என்று எழுதப்படுவதைக் காண்கிறோம். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதன் அரபு எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் உரிய எண்களைக் கூட்டினால் வருவது அது: பிஸ்மி 102, அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289. தமிழிலும் எழுத்தே எண்ணாக நின்றதுண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், எட்டைக் குறிக்கும் ‘அ’வும் காலைக் குறிக்கும் ‘வ’வும் கூடி ஒரு வசைச்சொல் ஒளிந்து நிற்பதை நாம் சுவைத்திருக்கிறோம்.

எபிரேயத்தின் எழுத்தெண்ணும் அரபு அப்ஜதும் ஒரே வேரின. ‘நேரோன் கேசர்’, அதாவது நீரோ மன்னன், என்பதை எபிரேய எழுத்துகளில் எழுதுக. நூன் 50, ரே 200, வாவ் 6, மீண்டும் நூன் 50; ஆக 306. பின்னர்க் காஃப் 100, ஸீன் 60 (எபிரேயத்தில் சாமேக்), ரே 200, ஆக 360. இரண்டும் சேர 666. இன்னொரு சான்றும் உண்டு. சில பழஞ்சுவடிகளில் இவ்வெண் 616 எனக் காணப்படுகிறது. எகிப்தின் ஒக்சிரிங்கு என்னுமிடத்தில் கிடைத்து 1999இல் பதிப்பிக்கப்பட்ட பாப்பிரசுச் சுவடியும் அவ்வாறே காட்டுகிறது. கிரேக்க முறையில் ‘நேரோன்’ எனாமல் இலத்தீன் முறையில் ‘நேரோ’ என எழுதினால் இறுதி நூனின் 50 குறைந்து 616 ஆகிறது! வேறுபட்ட இரண்டு எண்களும் ஒரே மனிதனிடம் சென்று சேர்கின்றன. இவ்விளக்கத்தை ஏற்காதாரும் உளர். இரண்டாம் நூற்றாண்டினரான இரேனேயு 616ஐப் பிழை என்றார். எண்ணுக்குப் பொருந்தக்கூடிய வேறு சில பெயர்களைக் கூறி, அவற்றுள் எதனையும் உறுதியாகச் சொல்வது பேதைமை என்றும் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையைப் பின்னோர் கேட்கவில்லை.

1213இல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த போப் மூன்றாம் இன்னசென்ட், 666 என்பது இஸ்லாத்தின் ஆயுட்காலத்து ஆண்டுக் கணக்கு என்றும், அதில் ஏறத்தாழ 600 கழிந்துவிட்டது என்றும் எழுதினார். நபிகள் நாயகத்தின் மார்க்கத்தையே விலங்காகக் காட்டிய அவ்விளக்கம் எவ்வளவு குருதிக்கு இடமளித்தது என்பதை வரலாறு அறியும். மூன்று நூற்றாண்டு கழித்து அதே கணை போப்பை நோக்கித் திரும்பிற்று. லூத்தர் 1522 செப்டம்பரில் வெளியிட்ட செருமானியப் புதிய ஏற்பாட்டில், பாபிலோனின் வேசிக்குப் போப்பின் மும்முடியைச் சூட்டி ஓவியம் வரைந்தனர். எதிர்ப்பு எழவே டிசம்பர்ப் பதிப்பில் அம்முடி செதுக்கிக் குறைக்கப்பட்டது. அதே லூத்தர் துருக்கியரைக் கோகு என்றார். அவர் வழிவந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1711இல் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை முடித்தார். 1714, 1715 ஆண்டுகளில் அது அச்சேறியபோது, திருவெளிப்பாடு முதன்முதலாகத் தமிழ் எழுத்தில் அச்சுருப் பெற்றது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் காவிரிக் கரையில் ஒருவரையொருவர் மறுத்து எழுதிய காலம் அது.

நம் பக்கம் மட்டும் தூய்மை என்று கூறிவிட முடியாது. தஜ்ஜால் இன்ன நாட்டுத் தலைவனே, இன்ன கருவியே என்று எழுதப்பட்ட சிறுநூல்கள் நம் கடைத்தெருக்களிலும் விற்றன. அத்தலைவர்கள் இறந்தபின் பெயர் மாற்றி மறுபதிப்பும் வந்தது. திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் ஏழாம் வசனம், தெளிவான வசனங்களும் பலபொருளுக்கு இடந்தரும் வசனங்களும் உண்டெனப் பகுத்து, உள்ளத்தில் கோணலுடையோர் பின்னவற்றைத் தொடர்ந்து குழப்பம் விளைக்க முயல்வர் என்கிறது. இறுதி நாளைப் பற்றிய அறிவு இறைவனிடமே உள்ளது என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் செய்தி. மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரமும் அந்நாளைத் தந்தையன்றி எவரும் அறியார் என்றே உரைக்கிறது. இரு வேதங்களும் இவ்வளவு ஒற்றுமையுடன் மூடிவைத்த கதவை இரு சமயத்தாரும் இவ்வளவு ஊக்கத்துடன் தட்டிக்கொண்டிருப்பது வியப்பே.

ஒப்புமைகளைக் கையாளுவதிலும் விழிப்பு வேண்டும். எக்காளமும் சூரும், கோகு மாகோகும் யஃஜூஜ் மஃஜூஜும் ஒத்துவருவன. ஆனால் பூமியிலிருந்து எழும் உயிரினம் இரு வேதங்களிலும் உண்டு என்பதனால் அவை ஒன்றாகிவிடா. திருவெளிப்பாட்டில் அது மக்களை மயக்கும் பொய்யன். குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் வரும் தாப்பத்துல் அர்ள் மனிதரின் அவநம்பிக்கையை எடுத்துரைக்க இறைவனால் வெளிப்படுத்தப்படுவது.

கடலும் ஆறும்

துண்டறிக்கை தந்த மாணவர்க்குரிய விடையில் ஒரு பகுதியை லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கண்டேன். சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் ஏனையோரினும் பெரும்பாவிகள் என நினையற்க என்று இயேசு மறுத்துரைக்கிறார். இடிபாட்டில் மாண்டோர்மேல் பாவத்தைச் சுமத்தும் வழக்கத்தை அவரே ஒப்பவில்லை. திருவெளிப்பாடு எழுதப்பட்டதும் துன்புற்றோரை அச்சுறுத்துவதற்கன்று. பேரரசின் கீழ் நசுங்கியவர்க்கு, இவ்வரசு நிலையாதது எனக் கூறுவதற்கே.

அந்நூலின் 21ஆம் அதிகாரம் புதிய வானையும் புதிய மண்ணையும் காட்டி, அங்கே கடல் இல்லை என்கிறது. 2004 டிசம்பர் 26இல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கடலுக்குக் கொடுத்த நாம் இவ்விடத்தை விரைந்து கடக்க இயலாது. எபிரேய மரபில் கடல் ஒழுங்கின்மையின் இருப்பிடம். கொடுவிலங்கு அதிலிருந்துதான் ஏறி வந்தது. பத்முவில் இருந்தவர்க்கோ தம் மக்களிடமிருந்து தம்மைப் பிரித்த நீர்ப்பரப்பு அது. தமிழ் மரபு மற்றொரு வாயிலைத் திறக்கிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. கடல் இல்லை என்றபின், கண்ணீரும் துயரும் இனி இல்லை என்று அவ்வதிகாரமே மூன்று வசனங்களில் தொடர்கிறது. இரங்கல் ஒழிந்த நிலத்தில் நெய்தலுக்கு இடமில்லை என்று ஒரு தமிழ் உரையாசிரியர் எழுதியிருப்பார் என எண்ணிக்கொண்டேன்.

இவ்விளக்கத்தை வகுப்பில் கூறியபோது, வேதாரணியம் பக்கத்து மீனவக் குடும்பத்து மாணவர் ஒருவர் எழுந்து, “கடல் இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் எங்கே வலை விரிப்பார்கள், ஐயா?” என்றார். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெய்தல் இரங்கலுக்கு மட்டும் உரியதன்று, அங்கே அடுப்பும் எரிகிறது என்பதை நான் மறந்துதான் போயிருந்தேன்.

விடையை மறுவாரம் கூறினேன். 22ஆம் அதிகாரத்தில் கடலற்ற அந்நகரின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதன் இருகரையிலும் உள்ள வாழ்வின் மரம் மாதந்தோறும் கனி தருகிறது. அதன் இலைகள் மக்களினங்களின் பிணி தீர்ப்பன. மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்களா என்று செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு, திறந்த பின்னும் தண்ணீர் கடைமடைக்கு வருமா எனக் காத்திருக்கும் எங்களூரார்க்குப் பன்னிரு மாதமும் ஓடும் ஆறு என்பதே போதிய விளக்கம். அவ்வாற்றின் ஊற்று எசேக்கியேல் நூலின் 47ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கோயில் வாயிலிலிருந்து புறப்படும் நீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஆழங்கூடி உப்புக்கடலில் போய் விழுகிறது. விழுந்த இடமெல்லாம் நீர் நலம் பெற்று மீன் பெருகுகிறது. எங்கேதி முதல் எனெக்லாயிம் வரை கரை நெடுக மீனவர் நின்று வலை விரிக்கின்றனர். சதுப்பும் உவர்நிலமும் மட்டும் மாற்றப்படாமல், உப்பு விளைவதற்கென விடப்படுகின்றன.

உப்பளத்தைப் பற்றிய அந்த வசனத்தை வேதாரணியத்து மாணவர் இருமுறை படிக்கச் சொன்னார்.